கையால் களைவதா, துடைத்துவிட்டு மறுபடி நிறுவுவதா? புதிய மடிக்கணினிக்கு முதல் வாரத்தில் எடுக்க வேண்டிய முடிவு

2025 தீபாவளி முடிந்த கையோடு என் அக்காவும் அவருடைய மகளும் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசா என்ற கணினிக் கடை வளாகத்துக்குப் போய், ஒரே கடையில், ஒரே மாதிரியான இரண்டு மடிக்கணினிகளை வாங்கி வந்தார்கள். இரண்டிலும் 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகள் தங்கும் சேமிப்பகம்), விண்டோஸ் 11. அக்காவின் பழைய கணினி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது, விண்டோஸ் 11-ஐ ஏற்கும் வயதை அந்தக் கணினி தாண்டியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் வீட்டிலிருந்தபடியே விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் அவர், முன்பதிவு, விலைப்பட்டியல், ரசீது ஆகியவற்றை இனிப் புதிய கணினியில் வைத்துக்கொள்ள முடிவு செய்திருந்தார். மகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவி. செந்தூலில் உள்ள என் வீட்டு உணவு மேசையில் இரண்டு பெட்டிகளையும் வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "மாமா, இது இப்படியே வேகமா இருக்கணும்னா என்ன செய்யணும்?"

உறவினர்கள் பலருக்கு இந்தக் கேள்விக்கு நான் வாய்வழியாகப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். ஒரே வன்பொருள் கொண்ட இரண்டு கணினிகள் ஒரே நாளில் கைக்கு வந்தது, அந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்க எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. அக்காவின் கணினியில் தேவையற்ற மென்பொருள்களை ஒவ்வொன்றாகக் கையால் நீக்குவது, மகளின் கணினியை முழுவதுமாகத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவது என்று முடிவு செய்தோம். கடையிலேயே கொடுத்துச் சரிசெய்து வாங்குவது, துப்புரவு மென்பொருள் ஒன்றை வாங்கிப் போடுவது, இணையத்தில் கிடைக்கும் நீக்கல் நிரலை ஓடவிடுவது ஆகிய மூன்று வழிகளும் நம்மிடையே வழக்கத்தில் உள்ளவை என்பதால் அவற்றையும் எடைபோடுகிறேன். என் அளவுகோல்கள் இரண்டு. தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது ஒன்று. ஆறு மாதம் கழித்து இதே வேலையை மறுபடி செய்ய வேண்டி வந்தால், கணினியை வைத்திருப்பவரே அதைச் செய்துகொள்ள முடியுமா என்பது மற்றொன்று. வேகத்தை நான் மூன்றாவதாகத்தான் வைக்கிறேன். அதற்கான காரணம் போகப் போகத் தெரியும்.

பெட்டிக்குள் ஏற்கெனவே குடியிருப்பவை

முதலில் ஒரு மனக்குறையைத் தீர்த்துவிடலாம். 512 ஜிபி என்று சொல்லி விற்ற கணினி 476 ஜிபி என்று காட்டியதும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே அக்கா நினைத்தார். சேமிப்பகத்தைத் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்பதை ஒரு பில்லியன் பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் அதே ஒரு ஜிபியை 1,073,741,824 பைட்டாகக் கணக்கிடுகிறது. அளவுகோல் வேறு என்பதால் எண் வேறாகத் தெரிகிறதே தவிர, இடம் எதுவும் காணாமல் போகவில்லை. இதற்கும் மேல், கணினியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதற்காகத் தயாரிப்பு நிறுவனம் ஒதுக்கி வைக்கும் மறைவான பகுதி ஒன்றும் சில ஜிபியை எடுத்துக்கொள்ளும்.

உண்மையான சுமை வேறிடத்தில் இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பக்கத்தைப் பார்த்தபோது, கணினி விழிக்கும்போதே தானும் விழித்துக்கொள்ளும் மென்பொருள்கள் 13 இருந்தன. 30 நாள் இலவசம் என்று வந்த நச்சுநிரல் தடுப்பான், தயாரிப்பு நிறுவனத்தின் மூன்று தனித்தனிக் கருவிகள், மேகச் சேமிப்பகம் ஒன்று, கூட்டங்களுக்கான செயலி, நாம் அழைப்பதற்கு முன்பே தன்னை ஏற்றிவைத்துக்கொள்ளும் உலாவி, அக்கா ஒருபோதும் தொடப்போகாத விளையாட்டுக் கடை என்று பட்டியல் நீண்டது. பயன்படுத்தக் கிடைக்கும் 7.7 ஜிபி ரேமில், நாங்கள் எதையும் திறக்காமலேயே 5.1 ஜிபி போயிருந்தது. மிச்சமிருப்பதில் உலாவியைப் பத்துத் தாவல்களுடன் திறந்து, வாட்ஸ்அப்பையும் எக்செலையும் சேர்த்தால் ரேம் நிரம்பிவிடும். பிறகு விண்டோஸ் எஸ்எஸ்டியின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ரேமுக்கு ஈடாகாது. "புதுக் கணினி, ஆனாலும் திணறுகிறது" என்று பலர் சொல்வதன் பொருள் பெரும்பாலும் இதுதான்.

இந்த மென்பொருள்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்ற கேள்விக்குப் பதில் எளிது: அவற்றை உருவாக்கியவர்கள் அந்த இடத்துக்காகத் தயாரிப்பு நிறுவனங்களுக்குப் பணம் தருகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை தொல்லை தருபவையே ஒழிய ஆபத்தானவை அல்ல. ஆனால் 2014-இன் பிற்பகுதியில் லெனோவோ விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். பாதுகாக்கப்பட்ட இணைய இணைப்புக்குள்ளும் நுழைந்து விளம்பரம் செருகுவதற்காக அது தன் சொந்தச் சான்றிதழை, அதாவது ஒரு தளம் உண்மையானது என்று உலாவியை நம்பவைக்கும் அடையாளத்தை, கணினியில் பதித்து வைத்திருந்தது. வங்கிப் பக்கங்கள்கூட அந்த வழியில் திறந்துகிடந்தன. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியில் வந்தது. 2017-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பெட்டியோடு வந்தது என்பதாலேயே ஒரு மென்பொருளை நம்ப வேண்டியதில்லை என்பதற்கு அது போதிய சான்று.

கையால் களைதல்

அக்காவின் கணினியில் எடுத்தவுடன் எதையும் நீக்கவில்லை. முதலில் விண்டோஸ் புதுப்பிப்புகள் அனைத்தையும் இறங்கவிட்டு, இரண்டு முறை மறுதொடக்கம் செய்தோம். முதல் நாளில் எந்தக் கணினியும் பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டும் கோப்புகளை அட்டவணைப்படுத்திக்கொண்டும் இருக்கும்; அந்த நேரத்து வேகத்தை வைத்து அதை எடைபோடக் கூடாது.

அடுத்து, 30 நாள் நச்சுநிரல் தடுப்பானை நீக்கினோம். "இதை எடுத்துட்டா வைரஸ் வந்துடாதா தம்பி?" என்று அக்கா பதறினார். நியாயமான அச்சம்தான். ஆனால் விண்டோஸுக்குள்ளேயே டிஃபெண்டர் என்ற தடுப்பான் இருக்கிறது. வேறொரு தடுப்பான் நிறுவப்பட்டிருக்கும்போது அது ஒதுங்கி நிற்கும், மற்றது நீங்கியதும் தானாகவே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். நீக்கிய சில நிமிடங்களில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' பக்கத்தில் பச்சைக்குறி வந்ததைக் காட்டிய பிறகே அவர் அமைதியானார். இத்தகைய சில தடுப்பான்கள் வழக்கமான முறையில் முழுமையாக நீங்குவதில்லை என்பதால், அவற்றின் நிறுவனங்களே தனி நீக்கல் கருவியை இலவசமாகத் தருகின்றன.

பிறகு 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்ற வழியில் சென்று பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தோம். இங்கே நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுண்டு: பெயரைப் பார்த்ததும் என்னவென்று தெரியாததை, தேடிப் பார்க்காமல் நீக்குவதில்லை. இன்டெல், ஏஎம்டி, ரியல்டெக் போன்ற சில்லுத் தயாரிப்பாளர்களின் பெயரோடு இருப்பவை ஒலி, வைஃபை, திரை ஆகியவற்றை வேலை செய்யவைக்கும் இயக்கிகள் (டிரைவர்). அவற்றைத் தொடக் கூடாது. விளையாட்டுகள், சோதனைக்காலச் செயலிகள், ஷாப்பிங் குறுவழிகள் ஆகியவற்றைத் தயங்காமல் நீக்கலாம்.

தயாரிப்பு நிறுவனத்தின் கருவிகளில்தான் சற்று நிதானம் தேவை. மூன்றில் இரண்டை நீக்கினோம், ஒன்றை வைத்துக்கொண்டோம். லெனோவோ வான்டேஜ், மை ஆசுஸ் போன்ற கருவிகளில் மின்கலத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. அக்காவின் கணினி சமையலறையை ஒட்டிய மேசையில் நாள் முழுவதும் மின்சாரத்தில் இணைந்தே இருக்கப்போகிறது. எந்நேரமும் 100 விழுக்காட்டில் நிற்கும் லித்தியம் மின்கலம் விரைவில் தளரும். எல்லாவற்றையும் குப்பை என்று அள்ளிக் கொட்டுபவர்கள் இந்த வசதியையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

'ஸ்டார்ட்அப்' பட்டியலில் டிஃபெண்டர், ஒலி இயக்கி, மின்கலக் கருவி, வாட்ஸ்அப் ஆகியவற்றைத் தவிர மற்ற அனைத்தையும் அணைத்தோம். அணைப்பது நீக்குவதாகாது, தேவைப்படும்போது அந்தச் செயலியைத் திறந்துகொள்ளலாம், மனம் மாறினால் மறுபடி இயக்கிவிடலாம். எட்ஜ் உலாவியின் அமைப்பில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்பதையும், உலாவியை மூடிய பின்னும் அதன் நீட்சிகளைப் பின்னணியில் ஓடவிடும் தேர்வையும் அணைத்தோம்.

மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பகமான ஒன்டிரைவைப் பற்றி முதல் நாளே ஒரு முடிவுக்கு வந்துவிடுவது நல்லது. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே. டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள் ஆகிய மூன்று கோப்புறைகளையும் மேகத்தில் ஏற்றச் சம்மதித்துவிட்டால், அக்கா எடுத்துக் குவிக்கும் பிரியாணி, கேசரிப் படங்களுக்கே அது நிரம்பிவிடும். பிறகு இடம் வாங்கச் சொல்லும் அறிவிப்பு ஓயாது. ஆவணங்களை மட்டும் மேகத்தில் வைத்தோம். படங்களுக்கு வெளி வன்தட்டு ஒன்று ஏற்கெனவே அவரிடம் இருந்தது. கடைசியாக 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்ற தானியங்கித் துப்புரவை இயக்கி, குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடந்ததை அழிக்கச் சொன்னோம். 'டவுன்லோட்ஸ்' கோப்புறையைத் தொடக் கூடாது என்று அதில் குறித்துவிட வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் விருந்து விவரங்கள் பலருக்கும் அங்கேதான் கிடக்கும்.

புதுப்பிப்புகளுக்குக் காத்திருந்த நேரம் நீங்கலாக ஐம்பது நிமிடங்களில் வேலை முடிந்தது. அதில் பாதி நேரம் அக்காவே சுட்டியைப் பிடித்திருந்தார். அது வேண்டுமென்றே செய்தது.

துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுதல்

மகளுக்கு எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்து பார்க்கும் ஆசை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' என்ற இலவசக் கருவியை இறக்கி, குறைந்தது 8 ஜிபி கொண்ட பெண்டிரைவ் ஒன்றில் விண்டோஸ் நிறுவலைத் தயார் செய்தால், அதிலிருந்து கணினியைத் துவக்கி, பழைய பகுதிகளை எல்லாம் அழித்துவிட்டு வெறும் விண்டோஸை மட்டும் நிறுவலாம். உரிமச் சாவி எங்கே என்று தேட வேண்டியதில்லை. விண்டோஸோடு விற்கப்படும் இன்றைய மடிக்கணினிகளில் அது தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும், நிறுவல் நிரல் அதைத் தானாக எடுத்துக்கொள்ளும்.

சொல்லும்போது எளிதாக இருக்கும் இந்த வழியில், முன்கூட்டியே தெரியாவிட்டால் நடு இரவில் தலையில் கைவைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. முதலாவது, நிறுவலின்போது எஸ்எஸ்டியே பட்டியலில் வராமல் போவது. அண்மைக்கால இன்டெல் கணினிகள் பலவற்றில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற இன்டெலின் சேமிப்பகக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கான இயக்கியைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து முன்பே இறக்கி அதே பெண்டிரைவில் வைத்திருந்து, 'லோட் டிரைவர்' என்ற பொத்தானின் வழியே காட்ட வேண்டும். எங்களுக்கும் அந்தத் திரை வெறுமையாகத்தான் வந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது; புதிய கணினியைக் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தாள். இயக்கி தயாராக இருந்ததால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது.

இரண்டாவது, வைஃபை. புதிய விண்டோஸ் அந்த வைஃபை சில்லை அடையாளம் காணாவிட்டால், இணையத்தில் இணையச் சொல்லும் பக்கத்திலேயே நிறுவல் நின்றுவிடும். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்தால் பெரும்பாலும் வழி திறந்துவிடும். மூன்றாவது, கணினியோடு சேர்த்து விற்கப்படும் ஆஃபீஸ் உரிமம். அதைத் துடைப்பதற்கு முன்பே ஒருமுறை திறந்து, தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணைத்துவிட வேண்டும். அதன் பிறகு எத்தனை முறை நிறுவினாலும் கணக்கிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். பணம் கொடுத்து வாங்கிய ஆஃபீஸ் என்ன ஆயிற்று என்று பிறகு தேடி அலைவதைவிட இந்த ஐந்து நிமிடம் மேல்.

நான்காவதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும் புதிய விண்டோஸ் 11 கணினிகளில் சேமிப்பகம் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். கணக்கின் கடவுச்சொல்லை மறந்து, பின்னொரு நாள் கணினி அந்தச் சாவியைக் கேட்கும்போது கையில் இல்லையென்றால், உள்ளே இருக்கும் ஆய்வேடும் குடும்பப் படங்களும் போனவைதான். எந்தக் கடையாலும் மீட்டுத் தர இயலாது. சாவியை அச்சிட்டுக் காகிதமாக வைத்துக்கொள்ள வேண்டும். கையால் களைந்த அக்காவின் கணினிக்கும் இது பொருந்தும் என்பதால் அவருக்கும் அச்சிட்டுக் கொடுத்தேன்.

பெண்டிரைவ் வரை போக விரும்பாதவர்களுக்கு இடைவழி ஒன்று உண்டு. 'செட்டிங்ஸ்' பக்கத்திலுள்ள 'ரீசெட் திஸ் பிசி', மைக்ரோசாஃப்டிலிருந்து ஏறத்தாழ 4 ஜிபி அளவுள்ள விண்டோஸை இறக்கித் தானே நிறுவிக்கொள்ளும். இயக்கிச் சிக்கலும் குறைவு. ஆனால் தயாரிப்பு நிறுவனம் செய்துவைத்த ஏற்பாட்டைப் பொறுத்து, நீங்கள் ஒழிக்க நினைத்த மென்பொருள்களே மறுபடி வந்து உட்காரக்கூடும். பழுதான கணினிக்கு அது நல்ல மருந்து; புதுக் கணினியின் சுமையை இறக்குவதற்கு உறுதியான வழி என்று சொல்ல முடியாது.

எல்லாம் முடிய மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. அளந்து பார்த்தோம். எதையும் திறக்காத நிலையில் அக்காவின் கணினி எடுத்துக்கொண்ட ரேம் 3.9 ஜிபி, மகளின் கணினி எடுத்துக்கொண்டது 3.5 ஜிபி. மின்பொத்தானை அழுத்தியதிலிருந்து உலாவி திறக்கும் வரை முதலில் 31 நொடிகள் ஆகியிருந்தது. இப்போது அக்காவுக்கு 17, மகளுக்கு 15. இரண்டே இரண்டு கணினிகளில் எடுத்த அளவுதான் என்றாலும், எனக்கு விடை தெளிவாகவே தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் விடுவதற்கும் ஏதாவது ஒன்றைச் செய்வதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. கையால் களைவதற்கும் துடைத்து நிறுவுவதற்கும் இடையே உள்ளது அன்றாட வேலையில் உணரக்கூடியதே அல்ல.

மற்ற மூன்று வழிகள்

கடையில் கொடுத்து "எல்லாம் போட்டு" வாங்குவது நம் மக்களிடையே பரவலான வழக்கம். என் மைத்துனர் தம் கணினியை வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு கடையில் 60 ரிங்கிட்டுக்கு அப்படித்தான் கொடுத்து வாங்கினார். மாதக் கணக்கில் மெதுவாகிக்கொண்டே வந்த அதை நான் திறந்து பார்த்தபோது, உரிமமில்லாத ஆஃபீஸும் அதை இயங்கவைக்க ஒரு முறைகேடான நிரலும் அதில் நிறுவப்பட்டிருந்தன. டிஃபெண்டரின் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலில் ஒரு கோப்புறை முழுவதும் விலக்களிக்கப்பட்டிருந்தது. அதாவது, அங்கே எது நுழைந்தாலும் காவலாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். அதே கணினியில்தான் அவர் வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருந்தார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. எல்லாக் கடைகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டு, உரிமத்தைக் காட்டி வேலை செய்யும் கடைகளையும் அறிவேன். ஆயினும் புதிய கணினியைத் துடைக்கச் சொல்லிக் கொடுப்பவருக்கு, திரும்பி வந்ததில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாவிட்டால், என் முதல் அளவுகோலிலேயே இந்த வழி தோற்றுவிடுகிறது.

துப்புரவு மென்பொருளுக்கு இந்த ஒப்பீட்டில் நான் இடமே தர மாட்டேன். விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைக் குறித்து வைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகளைப் பயன்படுத்துவதைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. சில நூறு பழைய பதிவுகளை அழிப்பதால் வேகம் கூடுவதில்லை, தவறான ஒன்றை அழித்தால் மென்பொருள் திறக்காமல் போகலாம். ரேமை 'விடுவிக்கும்' கருவிகள், பயன்பாட்டில் உள்ளதை எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டுகின்றன. அடுத்த நொடி அதே செயலியைத் தொடும்போது கணினி இரட்டிப்பு வேலை செய்கிறது. இந்த வகையில் பெரும்பெயர் பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்பில் 2017-இல் ஊடுருவிகள் தீங்குநிரலைச் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பதிப்பு 2.27 மில்லியன் கணினிகளில் இறங்கியிருந்ததாக நிறுவனமே சொன்னது. சுத்தம் செய்வதற்காக உள்ளே விட்ட ஒன்றுக்கே முழு அதிகாரமும் கொடுக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒரே வரியை ஒட்டி ஓடவிட்டால் எல்லாவற்றையும் நீக்கித்தரும் பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளைக் கருவி) நிரல்களில் சில உண்மையிலேயே கவனமாக எழுதப்பட்டவை. ஆனால் அந்த வரி என்ன செய்கிறது என்று படித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அவை உரியவை. நீக்கியவற்றில் பாதி அடுத்த பெரிய புதுப்பிப்பில் திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸையே விட்டுவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவது புதுக் கணினிக்கு அவசியமில்லை. அக்காவின் பழைய கணினிக்கு அதையே செய்தேன். அத்தான் இப்போது காலையில் தமிழ் நாளிதழ்களை அதில்தான் படிக்கிறார்.

ஆறு மாதம் கழித்து

அண்மையில் இரண்டு கணினிகளையும் மறுபடி மேசையில் வைத்துப் பார்த்தேன். துடைத்து நிறுவிய மகளின் கணினியில் தொடக்கப் பட்டியல் ஒன்பதாக வளர்ந்திருந்தது. ஜூம், டிஸ்கார்ட், ஸ்பாட்டிஃபை, விளையாட்டுகளுக்கான இரண்டு செயலிகள் என ஒவ்வொன்றும் நிறுவப்பட்ட நாளிலேயே தானாகத் தொடங்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டிருந்தன. ரேம் 4.8 ஜிபி. மூன்று மணி நேர உழைப்பின் பலனில் பெரும்பகுதி கரைந்துவிட்டிருந்தது. அக்காவின் கணினியோ 4 ஜிபியிலேயே நின்றது. காரணம் அவர் கைப்பிடித்துச் செய்த அந்த ஐம்பது நிமிடம்தான். புதிதாக எதையாவது நிறுவினால் 'ஸ்டார்ட்அப்' பக்கத்துக்குப் போய் அணைக்க வேண்டும் என்பது அவருக்குப் பழகிவிட்டது.

அக்காவின் கணினியில் தொல்லை வேறு வடிவில் வந்திருந்தது. திரையின் வலது கீழ்மூலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கணினியில் நச்சுநிரல் இருப்பதாகவும் உடனே சொடுக்கும்படியும் ஒரு சிவப்புப் பெட்டி எழுந்தது. அவர் பயந்துபோயிருந்தார். நச்சுநிரல் எதுவும் இல்லை. தொடர்நாடகங்களை இலவசமாகக் காட்டும் ஒரு தளம், படம் ஓட வேண்டுமானால் 'அலவ்' என்ற பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தது. அழுத்தியதும் அறிவிப்பு அனுப்பும் அனுமதியை அந்தத் தளம் பெற்றுக்கொண்டுவிட்டது. உலாவியின் அமைப்பில் அறிவிப்புகளுக்கு அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறந்து ஏழு தளங்களை நீக்கினோம். புதிதாக எந்தத் தளமும் அனுமதி கேட்கக் கூடாது என்றும் குறித்தோம். என்னிடம் "வைரஸ்" என்று வரும் உறவினர் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இதுதான். எந்த வழியில் கணினியைச் சுத்தம் செய்திருந்தாலும் இது வரும். எந்தத் துப்புரவு மென்பொருளும் இதற்குத் தேவையில்லை.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. எழுத்துருத் தொகுப்பு, விசைப்பலகை மென்பொருள் என்று முகவரி தெரியாத தளங்களிலிருந்து இறக்குபவற்றோடு விளம்பர நிரல்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகையும் நிர்மலா எழுத்துருவும் இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். அதற்கு மேல் வேண்டுபவர்களுக்கு, நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் 1985 முதல் இருந்துவருகிறது. அதை அதன் சொந்தத் தளத்திலிருந்து பெற வேண்டும்.

மென்பொருளைத் திட்டுவதற்கு முன் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். கோலாலம்பூரின் பிற்பகல் வெப்பத்தில், குளிரூட்டி இல்லாத அறையில், மெத்தையின் மேல் மடிக்கணினியை வைத்தால் அடிப்பக்கக் காற்றுத்துளைகள் அடைபட்டுவிடும். புரோசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மகள் தேர்வுக் காலத்தில் "மெதுவாகிவிட்டது" என்று சொன்னதன் காரணம் பாதி இதுதான். அகலமான மரப்பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்தேன்.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது

முன்பின் தெரியாத கையில் போய் வந்த கணினி, இரண்டாம் கையாக வாங்கிய கணினி, மைத்துனருடையதைப் போலக் காவல் உடைக்கப்பட்ட கணினி ஆகியவற்றுக்குப் பெண்டிரைவ் கொண்டு முழுவதும் துடைத்து நிறுவுவதைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே கேள்வி வேகத்தைப் பற்றியதல்ல, நம்பிக்கையைப் பற்றியது. மைத்துனரின் கணினியை அப்படித்தான் சரிசெய்தேன், அவருடைய வங்கிக் கடவுச்சொற்களையும் அன்றே மாற்றவைத்தேன். கடையில் பெட்டி பிரிக்கப்படாமல் வாங்கிய புதிய கணினிக்கு, உங்களுக்கு நிறுவலில் ஆர்வமும் ஒரு முழு மாலை நேரமும் இருந்தாலொழிய, கையால் களைவதே என் தேர்வு. எதையும் உடைக்காது, நீக்கியதைத் திரும்பப் பெறலாம், மறுமுறை செய்ய யாரையும் அழைக்க வேண்டியதில்லை. செலவு செய்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள், துப்புரவு மென்பொருளுக்கு ஆண்டுதோறும் கட்டும் பணத்தை, கணினியில் இடமிருந்தால் ரேமை 16 ஜிபியாக உயர்த்தப் பயன்படுத்தலாம். சில மெல்லிய கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுவதும், அதை டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது) செய்யாமல் விண்டோஸின் வாராந்தர ஏற்பாட்டிடமே விட்டுவிடுவதும் இரண்டு வழிகளுக்கும் பொது.

மகள் இந்தப் பருவத் தேர்வு முடிந்ததும் கணினியை மறுபடி துடைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி, தொடக்கப் பட்டியலைத் திறந்து காட்டினேன். ஒன்பதை மூன்றாக்க அவளுக்கு நான்கு நிமிடம் பிடித்தது. 48 இலக்கச் சாவி அச்சிட்ட தாளையும் நிறுவல் பெண்டிரைவையும் கணினி வாங்கிய ரசீதோடு ஒரே உறையில் போட்டு அக்காவின் அலமாரியில் வைத்திருக்கிறோம். வாழ்க்கைமுறைப் பிரிவில் 2,500 ரிங்கிட் வரையிலான வருமான வரிக் கழிவுக்கு அந்த ரசீதை எப்படியும் 7 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.